அவர் உடம்புக்கு நான் வைத்த நேர்த்தி

என் கணவரின் இதய வால்வைப் பழுதுபார்க்க முடியாது, இயந்திர வால்வுதான் பொருத்த வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், தைப்பூசத்தில் அவர் அலகு குத்துவார் என்று, அவரைக் கேட்காமலேயே, தண்ணீர்மலை முருகனிடம் வேண்டிக்கொண்டேன்.

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. வீடு திரும்பும் நாளில், மருந்துகளை விளக்கிய மருத்துவமனைத் தாதி மேரியிடம் இந்த வேண்டுதலைப் பெருமையாகச் சொன்னேன்.

"அக்கா, அண்ணன் இனி ஆயுசுக்கும் ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடணும். அலகு குத்துனா ரத்தம் லேசுல நிக்காது. கிருமி உள்ள போனா புது வால்வே கெட்டுப்போயிடும் லா."

"சாமிகிட்ட சொல்லிட்டேனே" என்றேன்.

கழுத்தில் சிலுவை அணிந்திருந்த அந்தப் பெண் சிரிக்கவில்லை, கண்டிக்கவும் இல்லை. "வேண்டிக்கிட்டது நீங்கதானே அக்கா? நீங்களே பால்குடம் எடுங்க" என்றார்.

எடுத்தேன். இப்போதெல்லாம் எதை வேண்டினாலும், என் உடம்பால் செய்வதாகத்தான் வேண்டிக்கொள்கிறேன்.