காகத்துக்குப் பிடிக்காத ரீமிக்ஸ்

போன ஞாயிற்றுக்கிழமை, ஒரு காகத்துக்காகத் தோட்டத்து வரிசை வீடுகள் மொத்தமும், ஒரு லயமே, பட்டினி கிடந்தது. அந்தக் காகம் வராததற்குக் காரணம் என் மகன்.

சிரிக்காதீர்கள். எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

முதலில் எம்.சி. கவ்வாத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தலவாக்கலையில் த்ரீவீலில் ஏறியவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை, எல்லா வண்டியிலும் அவன் பாட்டுத்தான். எங்கள் தோட்டத்துப் பையன். சொந்தப் பெயர் சுதாகர். தமிழில் ராப் பாடுவான். முற்றிய தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. "நானும் எல்லாரையும் பாட்டுலயே வெட்டிவிட்டுருவேன் டீச்சர், திரும்பப் பச்சையா துளுத்து வருவாங்க" என்று பெயருக்கு விளக்கம் சொன்னான்.

என்னிடம் படித்தவன்தான். வகுப்பில் ஒரு கேள்விக்குப் பதில் வாங்குவதற்குள் மணியடித்துவிடும். ஆனால் கையில் மைக்கைக் கொடுத்தால்... மூச்சு விடமாட்டான். ஒரு சொல் நம் காதில் விழுவதற்குள் அடுத்த பத்துச் சொல் மலையிறங்கிப் போயிருக்கும்.

போன வருஷம், ஒரு மழை நாளில், டவுனுக்குக் கீழே கொத்மலை ரோட்டு வளைவில் பைக் வழுக்கியது. அவ்வளவுதான். அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

என் மகன் பிரவீன் அவனுடைய உயிர்ச் சிநேகிதன். ஹட்டனில் போன் திருத்தும் கடையில் வேலை பார்த்தான். சாவு வீட்டிலிருந்து வந்தவன் வேலைக்குப் போவதை நிறுத்தினான். பேச்சையும் நிறுத்தினான். அறைக்கதவைச் சாத்திக்கொண்டான். நான் கதவில் காதை வைத்துக் கேட்பேன். எந்தத் தாய்தான் வைக்கமாட்டாள்? உள்ளே சுதாகரின் குரல் கேட்கும். ஒரே வரி. திரும்ப... திரும்ப... திரும்ப.



"என்னடா பண்ற உள்ள?"

"ரீமிக்ஸ்மா."

ஏதோ காய்ச்சல் மாத்திரையின் பெயரைச் சொல்வது போலச் சொன்னான்.

உயிரோடு இருந்தபோது சுதாகர் வெளியிட்டது ஒரே ஒரு ஆல்பம். போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு வந்துவிட்டன! இரண்டும் பழைய பாட்டுகளின் ரீமிக்ஸ். ஒன்று கொழும்பில் செய்தது, மற்றது கனடாவில். கனடா ஆல்பத்தில் முகம் தெரியாத ஒருவர் நடுவில் புகுந்து, தானும் கவ்வாத்தும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் என்று பாடுகிறார். ஒரே தட்டிலா? அந்த மனிதர் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை! ஆனால் மறுப்பதற்கு சுதாகர் எங்கே இருக்கிறான்? ரீமிக்ஸ் செய்வதற்குச் செத்தவர்கள்தான் வசதி. கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ரிகர்சலுக்குப் பிந்தி வரமாட்டார்கள்.

பையன்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. நாம் செய்யாததா? என் மாமியார் இருந்த காலத்தில் நான் வைத்த குழம்பை ஒருநாள்கூட அவர் குறை சொல்லாமல் சாப்பிட்டதில்லை. இப்போது என் கணவர், "எங்கம்மா ஒருத்தரயும் ஒரு வார்த்த சொன்னது கெடையாது" என்கிறார். நான் வெங்காயத்தைக் கொஞ்சம் பலமாக நறுக்கிக்கொண்டே கேட்பேன். அதுவும் ரீமிக்ஸ்தான். பழைய குரலை எடுத்து, வேண்டாததை வெட்டி, கொஞ்சம் இனிப்புச் சேர்த்து...

சரி, காகத்துக்கு வருகிறேன்.

பிரவீனும் ஒரு ஆல்பம் முடித்துவிட்டான். சுதாகரின் வருஷத் தெவசத்தன்று வெளியிட வேண்டும் என்பது திட்டம். ஆனால் ஒன்று, கொழும்புக்காரரும் கனடாக்காரரும் யாரையும் கேட்கவில்லை. இவன் கேட்டான். சுதாகரின் அம்மா பாக்கியம் அக்காவிடம் போய், "நீங்க சரின்னாதான் வெளிய விடுவேன்" என்று நின்றான். பல மாதத்துக்குப் பிறகு அவன் முழுதாகப் பேசிய வாக்கியம் அது. நான்தான் துணைக்குப் போயிருந்தேன்.

கொழுந்து எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த அக்கா, கூடையை இறக்காமலே சொன்னார்.

"அவன் என்னமோ மனசுல கொறையோட போயிருக்கான் தம்பி. எனக்குத் தெரியும். என்மேல கோவம். தெவசத்துக்குப் படையல் போடுவேன். காக்கா வந்து எடுத்துச்சுன்னா கோவம் தீந்துருச்சுன்னு அர்த்தம். அப்ப போடு உன் பாட்ட. எடுக்கலன்னா... வேணாம், விட்டுரு."

ஒரு வருஷ உழைப்பு ஒரு காகத்தின் பசியில் தொங்கியது!

இப்போது என் நிலையைப் பாருங்கள். காகம் வராவிட்டால் பிரவீன் உடைந்துபோவான். வந்துவிட்டால்? ஆல்பம் வெளியாகும், அப்புறம் அடுத்த ஆல்பம், அதற்கடுத்த ஆல்பம் என்று அந்த அறைக்குள்ளேயே, போனவனோடு குடித்தனம் நடத்துவானே? தெவச வீட்டுக்கு வழியெல்லாம் சாமி கும்பிட்டுக்கொண்டு போனேன். வரணும் என்று கும்பிடுவதா, வரக்கூடாது என்று கும்பிடுவதா? "நீயே பார்த்துச் செய் தாயே" என்று பொறுப்பை மாரியம்மன் தலையில் போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. சுதாகருக்குப் பிடித்ததெல்லாம் படையலில் இருந்தது. கோழிக்கறி, ரொட்டி, கட்டச்சம்பல், வடை, ஒரு போத்தல் ஜிஞ்சர் சோடா, பாக்கெட் நூடுல்ஸ்கூட. கும்பிட்டு முடித்து, எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து ஒரு இலையில் வைத்து லயத்துத் தகரக் கூரையின் மேல் வைத்தார்கள். தாய்மாமன் முத்தையா அண்ணன் வாசலில் நின்று "கா... கா..." என்று கூப்பிட்டார். அவர் விரதம். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்தான்.

எதிரே சவுக்கு மரத்தில் காகங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்று தகரத்துக்குப் பறந்தே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து... சிநேகிதனுக்கு மரியாதை செய்கிறேன் என்று பிரவீன் ஸ்பீக்கரை முடுக்கினான்.

டும்ம்ம்!

தகரம் அதிர்ந்தது. இலை சரிந்து விளிம்பில் நின்றது. காகம் திரும்பிப் பார்க்காமல் பறந்தது. அதன் பின்னால் மரமே காலி.

"எலே, என்னடா அது?" முத்தையா அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"பேஸ் மாமா. அது இருந்தாதான் பாட்டு தூக்கும்."

"பாட்டத் தூக்கலடா, காக்காயத் தூக்கிருச்சு! நிப்பாட்டு. எனக்குக் கண்ணு இருட்டுது."

"ரெண்டே நிமிசம் மாமா. அடுத்தது அவனோட ஹிட்டு."

அந்த ஹிட்டும் வந்தது. பாக்கியம் அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டார். கேட்டார்... கேட்டுக்கொண்டே இருந்தார்.

"தம்பி, இதுல எங்க எம்புள்ள?"

"வருவான் பெரியம்மா. அந்தா வாறான்..."

சுதாகர் வந்தான். "மல— மல— மல— மல— மலைய—" என்றான். போய்விட்டான். திரும்ப டும் டும்.

"அடப்பாவி!" என்றார் அக்கா. "மூச்சு விடாம பேசுற புள்ளய இப்பிடி திக்குவாய் ஆக்கிட்டியேடா!"

லயமே சிரித்தது. பிரவீனுக்கு முகம் செத்துவிட்டது. எனக்கு அந்தச் சிரிப்பு நெஞ்சில் குத்தியது. என்ன இருந்தாலும் என் பிள்ளை இல்லையா?

ஸ்பீக்கரை நிறுத்தினான்.  காகம்? வரவில்லை. முத்தையா அண்ணன் கூப்பிட்டார். பிள்ளைகள் கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்டேன், ஆசிரியை என்பதை மறந்து. மரத்தில் இலைதான் அசைந்தது.

பாக்கியம் அக்கா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "சொன்னேன்ல. கோவம்தான்."

பிரவீன் என்னைப் பார்த்தான். சின்ன வயதில் விழுந்து எழும்போது பார்ப்பானே, அந்தப் பார்வை. பிறகு போனில் ஏதோ தேடி, சத்தத்தைக் குறைத்து, கடைசிப் பாட்டைப் போட்டான். பேஸ் இல்லை, மேளம் இல்லை. சுதாகரின் குரலை அப்படியே இழுத்து மெதுவாக்கியிருந்தான். ஸ்லோ வெர்ஷனாம்.

"இவன் என்ன, தூக்கத்துல பாடுறானா?" என்றார் முத்தையா அண்ணன்.

"சும்மா இருண்ணே!" அக்கா எழுந்துவிட்டார். "தம்பி, அத திரும்பப் போடு. அவன் சொல்றது எனக்கு வெளங்குது. உசிரோட இருந்தப்ப ஒரு வரிகூட வெளங்குனதில்ல..."

போட்டான். சுதாகர் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்:

*எங்கடா இருக்கன்னு அம்மா கேட்டா
கிட்ட வந்துட்டேன்மா, சோத்தப் போடும்பேன்
சோறு ஆறிப்போகும், அம்மா பாத்திருப்பா
நான் இன்னும் பஸ்ஸே ஏறல...*

அக்கா ஸ்பீக்கரை முறைத்தார்.

"பஸ்ஸே ஏறலயா?"

அக்கா ஸ்பீக்கருக்கு இன்னும் கிட்டப் போனார்.

"அப்ப... கிட்ட வந்துட்டேன், கிட்ட வந்துட்டேன்னு சொன்னதெல்லாம் பொய்யா? டேய் சுதாகரு!"

"எல்லாரும் அப்பிடித்தான் பெரியம்மா சொல்லுவோம்" என்றான் பிரவீன், மெல்ல. சொன்ன பிறகுதான் நான் பக்கத்தில் நிற்பது நினைவுக்கு வந்தது அவனுக்கு.

அக்கா அவன் கையைப் பிடித்தார். "அன்னிக்கும் அதத்தான் தம்பி சொன்னான். கிட்ட வந்துட்டேன்மா, டவுனத் தாண்டிட்டேன்னு. நாந்தான், மாவு இல்லடா, திரும்பிப் போயி கொத்மலை ரோட்டுக் கடையில வாங்கிட்டு வந்துருன்னு சொன்னேன். வீட்டுக்கிட்ட வந்த புள்ளய நாந்தான் திருப்பி அனுப்பிட்டேன், அதான் அந்த வளைவுல... ஒரு வருசமா அத நெனச்சி நெனச்சி..."

"இல்ல பெரியம்மா." பிரவீனின் குரல் உடைந்தது. "அவன் டவுனுக்கே வரல. கொத்மலையில எங்கூட நின்னுதான் உங்களுக்குக் கோல் எடுத்தான். அப்பறந்தான் பைக்கையே ஸ்டார்ட் பண்ணுனான். நீங்க திருப்பி அனுப்பல."

ஒரு வருஷம் ஒரே மலையில் இருந்திருக்கிறார்கள். ஒருவர் கேட்கவில்லை, ஒருவன் சொல்லவில்லை.

அக்கா அழுதார். அழுதுகொண்டே திட்டினார். "பொய்க்காரப் பயலே! சோத்தப் போட்டு மூடி வச்சிட்டு ரோட்டயே பாத்துக்கிட்டு இருப்பேனேடா! பஸ்ஸே ஏறலயாம்ல!" திட்டத் திட்டச் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அதைப் பார்த்து பிரவீனும் சிரித்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு என் மகன் சிரித்ததைப் பார்த்தேன். மூக்கு ஒழுகத்தான், இருந்தாலும் சிரிப்பு.

இத்தனை கலாட்டாவில் யாரோ அண்ணாந்து பார்த்தார்கள். தகரத்தில் இலை மட்டும்தான் இருந்தது. கோழிக்கறி இல்லை, வடை இல்லை. காகமா, பூனையா? யாரும் பார்க்கவில்லை.

"காக்காதான்" என்றார் முத்தையா அண்ணன். "என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

அவர் இரண்டு கண்ணும் அவ்வளவு நேரமும் கறிச்சட்டியில்தான் இருந்தன என்பதற்கு நான் சாட்சி. ஆனாலும் யார் மறுப்பது? எல்லோருக்கும் பசி.

சாப்பிடும்போது பாக்கியம் அக்கா தீர்ப்புச் சொன்னார். "டும்டும்மெல்லாம் ஊருக்குக் குடு தம்பி. அந்த மெதுவா பேசுறது மட்டும் வெளிய போகக் கூடாது. அத என் போன்ல போட்டுக் குடு. பெத்தவகிட்ட பொய் சொன்னத ஊரெல்லாமா போட்டுக் காட்டுறது?"

ஆல்பத்திலேயே நல்ல பாட்டு அதுதானாம்.  பிரவீன் அங்கேயே அதை ஆல்பத்திலிருந்து எடுத்துவிட்டான். இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

திங்கட்கிழமை காலையில் அறைக்கதவு திறந்திருந்தது. ஹட்டன் கடைக்கு, வேலைக்குப் போயிருந்தான்.

சாயங்காலம் மழை. உடனே போனைத் தேடினேன். கோல் எடுத்தேன்.

"எங்கடா இருக்க?"

"கிட்ட வந்துட்டேன்மா. சோத்தப் போடுங்க."

பின்னால் கண்டக்டர் தொண்டை கிழியக் கத்துவது கேட்டது: "தலவாக்கலை, தலவாக்கலை! ஏறுங்க, ஏறுங்க!" பஸ் இன்னும் ஹட்டன் ஸ்டாண்டைவிட்டு அசையவே இல்லை.

"சரிப்பா, பாத்து வா" என்றேன்.

பொய் சொல்லவாவது போனை எடுக்கிறானே... அது போதும் எனக்கு!