பல்லி சொல்லுது

பல்லி வளர்க்க ஆசை என்று நான் சொன்னபோது வீட்டில் யாரும் மறுக்கவில்லை. நாய் கேட்டிருந்தால் மயிர் கொட்டும் என்றிருப்பார்கள். பல்லி என்றதும் அப்பா சிரித்துவிட்டார். ஊரில் விளக்குமாற்றால் அடித்துக் கலைக்கிற பிராணியைக் கடையில் வாங்கி, அதற்குக் கண்ணாடித் தொட்டியும் சூட்டு விளக்கும் வைத்து, அரசாங்கத்திடம் லைசென்ஸும் எடுக்க வேண்டும் என்பது, போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிக்க அவருக்கு ஒரு கதையாயிற்று. அந்தக் கதைக்காகவே வாங்கித் தந்தார் என்று நினைக்கிறேன். எனக்கு அப்போது பத்து வயது. ஒஸ்ரேலியாவுக்கு வந்து, பென்டில் ஹில்லில் ஒரு பழைய வாடகை வீட்டில் இருந்தோம்.

அது இந்த நாட்டுப் பல்லி. கபில நிற உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், கரட் கிழங்கு போலத் தடித்த வால், முகத்தில் பாதியை அடைக்கிற கண்கள். நாக்கை நீட்டித் தன் கண்ணைத் தானே துடைக்கும். ஆங்கிலத்தில் ‘பார்க்கிங் கெக்கோ’ என்பார்கள். கார் விடுகிற ‘பார்க்கிங்’ என்றே அப்பா நினைத்தார். இல்லை, குரைக்கிற பல்லி என்று அர்த்தம், பயந்தால் நாய்க்குட்டி மாதிரிக் குரைக்குமாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். “பல்லி எங்கையாவது குலைக்குமே, விசர்க் கதை” என்றார். அந்த ஒரு சொல்லை அவர் காதில் வாங்கியிருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அந்த வீட்டில் எங்களோடு அம்மாவின் தங்கையான சின்னம்மாவும் அவருடைய கணவர் சித்தப்பாவும் இருந்தார்கள். சித்தப்பா செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். வெளியாட்களுக்கு அவர் தங்கமான மனிதர். கோயிலில் வரிசையில் நின்று எல்லோருக்கும் சோறு போடுவார். சின்னம்மா அதிகம் பேசமாட்டார். அந்த வருடத்துப் பள்ளி விடுமுறையில் சின்னம்மா மெல்பேர்னுக்கு, வெரிபீயில் இருந்த ஒரு சிநேகிதியின் வீட்டுக்குப் போயிருந்தார். நாங்கள் எல்லோரும் காரில் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தோம். போகிற வழி நெடுக எனக்குச் சிப்ஸும் ஐஸ்கிரீமும் கிடைத்தன. திரும்பி வரும்போது பின்சீற்றில் சின்னம்மா எனக்குப் பக்கத்தில் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். என் வாழ்க்கையின் மிக நல்ல விடுமுறை அதுதான் என்று பள்ளியில் கட்டுரை வேறு எழுதினேன்.

அதற்குப் பிறகுதான் சித்தப்பா இரண்டாவது பல்லியைக் கொண்டு வந்தார். கூட வேலை செய்கிற ஒருவர் வேண்டாம் என்று கொடுத்தாராம். என்னைக் கேட்காமலே தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே விட்டார்.

“தனியக் கிடந்து ஏங்குது பிள்ளை. துணை வேணும்தானே. உன்ரை பல்லி மாப்பிள்ளை, இது பொம்பிளை. கலியாணம் முடிஞ்சுது, சாப்பாட்டைப் போடுங்கோ.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா உண்மையாகவே பாயாசம் வைத்தார். இரண்டையும் ஒன்றாக விடக்கூடாது, நூலகப் புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று நான் சொன்னது பாயாசத்தில் முந்திரி காணாது என்ற பேச்சில் எடுபடவில்லை. வந்தது பொம்பிளையும் இல்லை. இரண்டும் ஆண்கள் என்று பிறகு தெரிந்தது. புதியது என்னுடையதைவிட ஒன்றரை மடங்கு பெரியது.

பெரியது முதல்நாளே விளக்குக்குக் கீழிருந்த சூடான இடத்தைப் பிடித்துக்கொண்டது. என்னுடையது பக்கத்தில் வந்தால் நான்கு காலையும் நிமிர்த்தி, முதுகை வளைத்து எழும்பி நிற்கும். பிறகு பாய்ந்து கழுத்தில் கடிக்கும். அப்போதுதான் அந்தச் சத்தம் முதல்முதலாக வந்தது. சின்னது வாயைப் பிளந்து, குட்டையாக ஒரு குரைப்புக் குரைத்தது.

அந்த நேரம் பார்த்து அப்பா சாப்பாட்டு மேசையில் இருந்து, வீட்டுக்காரன் இந்த வருடம் வாடகையைக் கூட்டமாட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சத்தத்தைக் கேட்டதும் அம்மா பேச்சை நிறுத்திவிட்டு மேசையில் விரலால் தட்டினார்.

“பல்லி சொல்லுது,” என்றார். “நீங்கள் சொன்னது நடக்கும்.”

எங்கள் வீட்டுச் சுவர்களில் பல்லி கிடையாது. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து, ஒரு சொல்லுக்குப் பல்லி சாட்சி சொல்லி அவர்கள் கேட்டதில்லை. இப்போது ஹோலுக்குள்ளேயே ஒரு பல்லி, லைசென்ஸோடு. சத்தம் ஊர்ப் பல்லியைப் போல இல்லையே என்று அப்பா கொஞ்சம் யோசித்தார். ஒஸ்ரேலியப் பல்லி இப்படித்தான் சொல்லும் என்று சித்தப்பா தீர்த்து வைத்தார். அதற்குப் பிறகு விசா பற்றிக் கதைத்தால் சொன்னது, அம்மாவின் முழங்கால் நோவு பற்றிக் கதைத்தால் சொன்னது. உள்ளே ஒரு பிராணி கடி வாங்கிக் கத்துகிற ஒவ்வொரு தடவையும் வெளியே மூன்று விரல்கள் மேசையில் தட்டின. சின்னம்மாவின் கை மட்டும் மடியிலேயே இருந்தது. அவருக்குப் பல்லிச் சாத்திரத்தில் நம்பிக்கை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். ஒளிந்துகொள்ள இரண்டு சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்தேன். பெரியது ஒன்றுக்குள் படுத்துக்கொண்டு மற்றதின் வாசலையும் காவல் காத்தது. தண்ணீரை இரண்டு மூலையில் வைத்தேன். பூச்சிகளைத் தனித்தனியாகக் கிடுக்கியால் ஊட்டினேன். பெரியது ஓடி வந்து சின்னதின் வாயிலிருந்து பறித்தது. நடுவில் அட்டைத் தடுப்பு வைத்தேன், அதன்மேல் ஏறிப் போனது. என்னுடையது மெலியத் தொடங்கியது. இன்னொரு தொட்டி வேண்டும், இல்லையென்றால் செத்துப்போகும் என்று அம்மாவிடம் அழுதேன்.

“புதுசிலை அப்பிடித்தான் இருக்கும்,” என்றார் அம்மா. “ஒண்டாக் கிடந்தாப் பழகிப் போகும்.”

அப்பாவும் அதையே சொன்னார். இன்னொன்றும் சொன்னார். “தனிய இருக்கேக்க அது வாயே திறக்கேல்லையே. இது வந்தாப் பிறகுதானே சொல்லுது. பிரிச்சு வைச்சா வீட்டுக்குக் கூடாது.”

அவர்களில் ஒருவர்கூடத் தொட்டிக்கு முன்னால் குந்தி ஐந்து நிமிடம் பார்க்கவில்லை. காது மட்டும் போதும் என்று இருந்துவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவின் சிநேகிதரான ஒரு அங்கிளும் அவர் மனைவியும் சாப்பிட வந்தார்கள். எங்களுக்குப் பின்னால் தன் காரில் வெரிபீக்கு வந்து சின்னம்மாவோடு கதைத்தவர்களில் அந்த அங்கிளும் ஒருவர். கோழிக்கறியைப் பிசைந்தபடி அவர் சித்தப்பாவிடம், “இப்ப எல்லாம் ஓகேதானே?” என்று கேட்டார். சித்தப்பா சிரித்தார்.

“ஓம் அண்ணை. இப்ப ஒரு பிரச்சினையும் இல்லை. நாங்கள் நல்லா இருக்கிறம்.”

தொட்டிக்குள் பல்லி சொன்னது. ஒருமுறை அல்ல, விடாமல் சொன்னது. மேசையில் எல்லோரும் தட்டினார்கள். அந்த அன்ரி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். பெரியதின் வாயில் வால் இருந்தது. வால் மட்டும்தான். அது இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. என்னுடையது மூலையில், பின்பக்கம் மொட்டையாக, வாயைத் திறந்தபடி கிடந்தது.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது. மேசைக்கு வந்து சித்தப்பாவின் தட்டைத் தட்டிவிட்டேன். சோறு அவர் மடியில் கொட்டியது.

“அது சொல்லேல்லை,” என்று கத்தினேன். “பயத்திலை கத்துது. அது கத்திக்கொண்டே இருக்குது, நீங்கள் எல்லாரும் மேசையிலை தட்டிக்கொண்டு இருக்கிறீங்கள். யூ ஆர் ஓல் ஸ்டுப்பிட்.”

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தார். பெரியவர்கள் கதைக்கும்போது என்ன வாய் என்றார். அப்பா, “சித்தப்பாட்டைச் சொறி சொல்லு,” என்றார். நான் சொல்லவில்லை. சித்தப்பா மடியைத் தட்டிக்கொண்டு, “விடுங்கோ அண்ணை, பிள்ளைதானே,” என்று சிரித்தார். ஆனால் அவர் பார்த்தது என்னை அல்ல, சின்னம்மாவை.

சின்னம்மா எழுந்து குசினிக்குள் போனார். இடியப்ப மா போட்டு வைக்கிற பெரிய பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து வெறுமையாக்கி, ஸ்குரூ டிரைவரை அடுப்பில் சுட்டு, மூடியில் ஒவ்வொன்றாகத் துளை போட்டார். பிளாஸ்டிக் எரிந்த நாற்றம் வீடெல்லாம் பரவியது. யாரிடமும் கேட்கவில்லை. அந்த வீட்டில் அவர் ஒருவரிடமும் கேட்காமல் ஒன்றைச் செய்து நான் பார்த்தது அதுதான் முதல்தடவை. பெட்டியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் குந்தினார்.

நான் பெரியதைப் பிடிக்கக் கையை விட்டேன்.

“பெரிசை விடு,” என்றார். “அது இடத்தை விடாது. சின்னனை எடு.”

“தொட்டி இதின்ரைதானே. இதுதான் முதல் வந்தது. இது ஏன் போக வேணும்?”

“உயிரோடை இருக்கத்தான்.”

எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. கடித்ததற்குத் தொட்டியும் விளக்கும் சிரட்டைகளும். கடி வாங்கியதற்கு மாப் பெட்டி. இது என்ன நியாயம் என்று கேட்டேன். சின்னம்மா சின்னதை இரண்டு கையாலும் ஏந்திப் பெட்டிக்குள் விட்டுவிட்டு, “வால் திரும்ப முளைக்குமோ?” என்று கேட்டார்.

“முளைக்கும். ஆனா பழைய மாதிரி வடிவா வராது.”

“பரவாயில்லை,” என்றார்.

அதற்கு அடுத்த கிழமை நான் பள்ளியிலிருந்து வந்தபோது சின்னம்மா வீட்டில் இல்லை. அம்மா அழுதுகொண்டிருந்தார். அப்பாவும் அங்கிளும் மறுபடி வெரிபீக்குப் போனார்கள். இந்தமுறை என்னைக் கூட்டிப் போகவில்லை. வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். எனக்குத் தாங்க முடியாத கோபம். எனக்காக நின்ற ஒரே ஆள், என்னிடம் ஒரு சொல் சொல்லாமல், என் பல்லியை மாப் பெட்டியில் விட்டுவிட்டு உல்லாசப் பயணம் போய்விட்டார் என்று நினைத்தேன். இனி அவரோடு கதைக்கவே மாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அதற்கும் அழுதார்.

சின்னதின் காயம் ஆறியது. உடம்பு வைத்தது. வால் குட்டையாக, உருண்டையாக, புள்ளிகள் இல்லாமல் முளைத்தது. வீட்டில் பல்லிச் சத்தம் நின்றுபோயிற்று. “பிரிச்சு வைச்சாப் பிறகு ஒண்டும் சொல்லுதில்லை, பார்த்தியே,” என்று அப்பா குறைப்பட்டுக்கொண்டார். அது உடம்பு வைத்தது அவர் கண்ணில் படவில்லை.

கொஞ்ச நாள் கழித்துச் சின்னம்மா தொலைபேசியில் எடுத்தார். சித்தப்பா வேலைக்குப் போயிருந்த நேரம். ஊர் என்ன சொல்லும், திரும்பி வா என்று அம்மா கெஞ்சினார், பிறகு ஏசினார். கடைசியில் அம்மா போனை என் கையில் திணித்துவிட்டுப் போனார். நான் கோபத்தில் ஹலோகூடச் சொல்லவில்லை.

“பிள்ளை,” என்றார் சின்னம்மா. “அது இப்பவும் கத்துதோ?”

என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படிக்கிறாயா, சாப்பிட்டாயா என்று இல்லை. எடுத்த எடுப்பில் பல்லி.

“இல்லை,” என்றேன் வெடுக்கென்று. “தனியத்தான் இருக்குது. சத்தமே இல்லை.”

“நல்லாச் சாப்பிடுதோ?”

“ஓம்.”

“நானும்தான்,” என்றார்.

என்ன சாப்பாடு என்று கேட்டேன்.