இரண்டு சர்வரும் ஒரு பெட்டியும்

மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் அவருக்கு 'பேக்கப்' என்று பட்டப்பெயர். எதிர்ப்படுகிறவரிடமெல்லாம் "இன்னொரு பிரதி எடுத்து வெச்சீங்களா?" என்று கேட்டே காது புளிக்க வைத்துவிடுவார். "பேக்கப் சார் டீ வாங்குனாலும் ரெண்டு கப்பு வாங்குவாரு, ஒண்ணு கொட்டிட்டா?" என்று சிரிப்பார்கள்.

அவர் மனைவி தையல்காரி. கடைச் சட்டை எதுவும் பொருந்தாதவர்கள் அவளைத் தேடி வருவார்கள்: முதுகு வளைந்தவர்கள், ஒரு தோள் இறங்கியவர்கள், சக்கர நாற்காலியை விட்டு எழ முடியாதவர்கள். ஒவ்வொருவருக்கும் அளவெடுத்து, துணி வெட்டும் வடிவத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து வைத்திருந்தாள். பல வருட உழைப்பு. கம்ப்யூட்டரோ இன்றைக்கோ நாளைக்கோ என்றிருந்தது.

"உன் படத்துக்கெல்லாம் நான் பொறுப்பு" என்றார் அவர். ஆபீசில் கழித்துப்போட்ட இரண்டு சர்வர்களையும் ஒரு டிஸ்க் பெட்டியையும் கேட்டு வாங்கி வந்து பின்னறையில் அடுக்கினார். படங்கள் பெட்டியில் இருக்கும். அவள் வேலை செய்வது வெர்ச்சுவல் மெஷினில், அதாவது சர்வருக்குள் மென்பொருளாகவே ஓடும் ஒரு கம்ப்யூட்டரில். பெட்டி இரண்டு சர்வருக்கும் பொது என்பதால், ஒன்று படுத்துவிட்டாலும் மெஷின் மற்றதில் எழுந்துவிடும்.

பொதுப் பெட்டிக்கு ஒரு கண்டிப்பு உண்டு. யார் எப்போது எழுதுவது என்று முறை வைக்கும் மென்பொருள் வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி முழுவதும் தனக்கே என்று நினைத்து, ஒரு சர்வர் எழுதியதன் மேலேயே மற்றது எழுதித் தொலைக்கும். அவருக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் மனைவி வந்து, "இன்னும் ஆகலையாங்க?" என்று ஆசையாக நின்றாள். ஓட்டிக் காட்டிவிடும் அவசரத்தில், முறை வைப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்.

படங்களின் ஒரே மறுபிரதி இருந்த பென் டிரைவை, சர்வரில் மென்பொருள் ஏற்றுவதற்காக முன்பே அழித்திருந்தார். வேறொன்று தேடச் சோம்பல். சில நாள் எல்லாம் நன்றாக ஓடியதும், பழைய கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்.

ஒரு காலையில் அவள் திறந்தபோது படங்களின் பெயர்கள் இருந்தன, உள்ளே ஒன்றுமில்லை. இரண்டு சர்வரும் ஒன்றன்மேல் ஒன்று எழுதித் தீர்த்திருந்தன. அவர் என்னென்னவோ செய்து பார்த்தார். ஒரு சட்டைக் கைகூடத் திரும்பவில்லை.

அவள் கத்தியிருந்தால் தேவலை. "நீங்க சொன்னீங்கன்னுதானே அத தூக்கிப் போட்டேன்" என்றாள், ஒரே ஒரு முறை. பிறகு ஒவ்வொருவருக்கும் போன் செய்தாள். "அளவு தொலைஞ்சு போச்சும்மா. என் தப்புதான். இன்னொரு தடவ வர முடியுமா?" பின்னறையில் உட்கார்ந்து அத்தனையையும் அவர் கேட்டார். நாற்காலியோடு வந்த பெரியவரைப் படியேற்ற அவரும் ஒரு பக்கம் பிடித்தார். பெரியவர் நன்றி சொன்னபோது அவமானமாக இருந்தது.

இப்போது பெட்டிக்கு முறை வைக்கும் மென்பொருளையும் போட்டுவிட்டார். அவளோ புதுப் படங்களை ஒரு லேப்டாப்பில் வரைகிறாள். ஒருநாள் அவரே மெதுவாகக் கேட்டார்:

"புதுப் படமெல்லாம் எங்கம்மா வெச்சிருக்க? பெட்டி சரியாயிடுச்சு."

"தங்கச்சிகிட்ட ஒண்ணு குடுத்திருக்கேன், அண்ணன்கிட்ட ஒண்ணு" என்றாள், ஊசியில் நூல் கோத்தபடி. "ரெண்டு பிரதி வேணும்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

குத்திக்காட்டும் குரல் இல்லை அது. அவர் பின்னறைக்குப் போய், காலிப் பெட்டிக்காக ஓடிக்கொண்டிருந்த இரண்டு சர்வர்களையும் அணைத்தார்.