டிஸ்கஸ் கூட எதைப் போடலாம் சார்?

வண்ணமீன் கடை நடத்துகிறவனுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றுவது ஒரே வாக்கியத்தால்தான்: "இதோட அதைப் போடாதீங்க." இரண்டாயிரங்களில் கிழக்குத் தாம்பரத்தில் கடை வைத்திருந்தேன். அப்போது எல்லோருக்கும் டிஸ்கஸ் மீன் மோகம். தட்டு மாதிரி வட்டமாக, பளபளவென்று, பார்க்க ராஜா, குணத்தில் பயந்தாங்கொள்ளி. தண்ணீர் கதகதப்பாக இருக்க வேண்டும், பக்கத்தில் முரடன் யாரும் இருக்கக் கூடாது. வீட்டில் தொட்டி வைத்து அவதிப்பட்டவர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை.

குளிரும் சூடும்

செம்பாக்கத்திலிருந்து ஒரு தம்பதி. கணவர் பேங்க்கில் ரிடையர் ஆனவர், நாலு டிஸ்கஸ் வளர்த்தார். அந்த அம்மாவுக்கு அதே தொட்டியில் கோல்ட்ஃபிஷ் விட வேண்டும் என்று ஆசை.

"டிஸ்கஸுக்கு ஹீட்டர் போட்டு வெச்சிருக்கீங்க. கோல்ட்ஃபிஷ்ஷுக்குத் தண்ணி ஜில்லுனு இருந்தாத்தான் நல்லதும்மா. ஒண்ணா இருக்க முடியாது" என்றேன். சார் ஜெயித்துவிட்ட மாதிரி தலையை ஆட்டினார். அந்த அம்மா விடவில்லை.

"எங்க ரெண்டு பேருக்கும் ஏசியில தினம் இதே தகராறுதான் தம்பி. இவர் ஸ்வெட்டர் போட்டுக்கிறார். டிஸ்கஸுக்கு அந்த மாதிரி ஏதாவது விக்கிறீங்களா?"

ஒட்டிக்கொண்டவன்

மார்க்கெட்டில் எலக்ட்ரிகல் கடை வைத்திருந்த பஷீர் பாய், டிஸ்கஸ் தொட்டியின் கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னட்டும் என்று சக்கர் மீன் ஒன்றைக் கேட்டார். பெரிசு வேண்டாம், வளர்ந்தால் வம்பு என்றேன். பெரிசுதான் நிறைய வேலை செய்யும் என்று வேறு கடையில் வாங்கிப் போட்டுவிட்டார்.

ஒரு மாதம் கழித்து முகம் வாடி வந்தார். டிஸ்கஸின் விலாவில் வட்ட வட்டமாகக் காயமாம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சக்கர் கண்ணாடியை மறந்துவிட்டு, டிஸ்கஸின் விலாவில் ஒட்டிக்கொண்டு ஜாலியாக ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. டிஸ்கஸின் உடம்பில் ஊறும் வழவழப்பு அதற்கு ருசி, இனி விடாது, எடுத்துவிடுங்கள் என்றேன். பாய் வலையை என் கையில் கொடுத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"என் மச்சானும் கடையைப் பார்த்துக்கிறேன்னு வந்து இப்படித்தான் ஒட்டிக்கிட்டாரு. அவரை எடுக்க முடியலை, இதையாவது நீங்க எடுத்துட்டுப் போயிடுங்க."

கணக்கு டீச்சர் தொட்டி

மாடம்பாக்கம் ஸ்டெல்லா டீச்சர் ஸ்கூலில் கணக்கு எடுப்பவர். யாரோ பரிசாகக் கொடுத்த டைகர் பார்ப் மீன்களை டிஸ்கஸோடு விட்டுவிட்டார். வரிக்குதிரைக் கோடும் ரவுடி புத்தியும் உள்ள ஜாதி அது. டிஸ்கஸின் துடுப்பையெல்லாம் கடித்துக் கந்தலாக்கிவிட்டது. பயத்தில் டிஸ்கஸ் சாப்பாட்டையே விட்டுவிட்டது என்று போனில் டீச்சர் சொன்னார். உடனே கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால் தொட்டிக்குள் ஒரு ஊறுகாய் பாட்டில், அதற்குள் ஒரே ஒரு டைகர் பார்ப். பாட்டில் மூலையைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தது. "இது என்ன டீச்சர்?" என்றேன்.

"இவன்தான் லீடர். மத்தவங்க பார்க்கட்டும்னு தனியா நிக்க வெச்சிருக்கேன். 'ஸாரி' சொல்ற மூஞ்சி வந்ததும் விட்டுடலாம்."

காணாமல் போனவர்கள்

திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருந்த முருகேசனின் ஆபீஸ் ரூமுக்குத் தொட்டி வைத்துக் கொடுத்தேன். டிஸ்கஸுக்குத் துணையாகக் கார்டினல் டெட்ரா ஒரு கூட்டம். சிவப்பும் நீலமுமாகக் குச்சி போல இருக்கும், பரம சாது. கொஞ்ச நாளில் போன் வந்தது.

"அண்ணா, சின்ன மீனுங்க ஒண்ணொண்ணா காணாம பூடுது. வாட்ச்மேன் மேலதான் டவுட்டா கீது. இன்னிக்கு வேலையை வுட்டுத் தூக்கப்போறேன்."

பஸ் பிடித்து ஓடினேன். வாட்ச்மேன் பெரியவர் தேவராஜ் காக்கிச் சட்டையோடு, கையில் சாப்பாட்டுப் பையோடு, வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே போனேன். தொட்டி மூலையில் டிஸ்கஸ்கள் கறுத்துப்போய் ஒண்டியிருக்க, நடுவில் நான் விற்காத ஆஸ்கர் மீன் ஒன்று, கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து வந்த மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. கெத்தாக இருக்கட்டும் என்று முருகேசனே குட்டியாக வாங்கி விட்டதாம். அது வாய்க்குள் அடங்கும் எதையும் விட்டு வைக்காது என்று விளக்கினேன்.

முருகேசன் வாசலுக்குப் போய், "தப்பா நெனச்சுக்காதே பெரியவரே, நீ வேலையைப் பாரு" என்றார். பெரியவர் உள்ளே வந்து ஆஸ்கரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சார், நைட் டூட்டிக்கு இதையே போட்டுக்கோங்க. என்னைப் பகலுக்கு மாத்துங்க."

டிஸ்கஸுக்கு ஒத்துப்போகும் மீனைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும், அதை வாங்க வருகிறவரை ஒத்துக்கொள்ளவைக்கத்தான் நான் முழுநாளும் கடையைத் திறந்து வைத்திருந்தேன் போலிருக்கிறது.