முழங்காலுக்கு மேல் ஒலிம்பிக் இல்லை

போன வாரம் பபேடானில் நான் வழக்கமாக உட்காரும் டீக்கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தை அணைத்து வைத்திருந்தார்கள். ஏதோ ஒரு தேசத்தில் குளிர்கால ஒலிம்பிக். ஒரு பெண் பனித்தரையில் ஒற்றைக் காலில் சுழன்றுகொண்டிருந்தாள். பக்கத்து மேஜைக்காரர்கள் டீயை உறிஞ்சியபடி அவளைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஆனால் அவர்கள் பார்த்த பெண் வேறு. என் கண் தன் பாட்டுக்கு அவள் இடுப்பில் ஒரு தமெய்னைச் சுற்றிக் கணுக்கால்வரை இறக்கிவிட்டது. தமெய்ன் என்றால் இங்கே பர்மாவில் பெண்கள் கட்டும் லுங்கி. அதைக் கட்டிக்கொண்டு ஒருத்தி அப்படிச் சுழன்றால் முதல் சுற்றிலேயே மூக்கு உடையும். என் கண்ணுக்கு அந்த அறிவெல்லாம் கிடையாது. அதைக் கெடுத்தது ஒரு பத்திரிகை. அந்தக் கதையைத்தான் உங்களிடம் சொல்ல வருகிறேன்.

என் முன்னால் இருந்த தம்ளரில் ஐஸ் துண்டுகள் மிதந்தன. அச்சில் வார்த்த மாதிரி சுத்தமான துண்டுகள், ஒரு வாசமும் இல்லை. எங்கள் காலத்து ஐஸுக்கு வாசம் உண்டு. ஈர உமி, சாக்கு, கொஞ்சம் மீன். போட்டாதாங்கில், படகுத்துறைக்குப் போகிற ஒரு சந்தில், ஐஸ் டிப்போ ஒன்று இருந்தது. பாளம் பாளமாக உமிக்குள் புதைத்து வைத்திருப்பார்கள். அதற்கு நேர் மேலே, மாடியில், தகரக் கூரைக்குக் கீழே எங்கள் விளையாட்டு வாரப் பத்திரிகை. கீழே அத்தனை ஐஸ், மேலே நாங்கள் வேர்த்து ஊற்றிக்கொண்டு குளிர்கால ஒலிம்பிக்கின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தோம். மின்சாரம் வந்தால் காற்றாடி சுற்றும். அது வருவது பண்டிகை மாதிரி.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. எண்பத்தெட்டில் மாணவர் போராட்டம் என்று பல்கலைக்கழகத்தை மூடினார்கள். திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். படிக்கிறேன் என்று சொல்லிக்கொள்ள முடியாத ஒரு பையனை வீட்டில் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? அப்பாவின் பருப்புக் கடையில் உட்கார்ந்தால் வருகிறவர்களுக்கெல்லாம் இங்கிலீஷ் பேசிக் காட்டுவேன். தொல்லை தாங்காமல் அப்பாவே தெரிந்தவரிடம் சொல்லி என்னைப் பத்திரிகையில் தள்ளிவிட்டார்.

ஆசிரியரின் பெயர் ஊ சான் லின். பிறந்தபோது வைத்த பெயர் சந்தானம். வெளியே பர்மியில்தான் பேசுவார். திட்டும்போது மட்டும் தமிழ் வந்துவிடும், தாய்மொழியை அதற்கென்றே பத்திரமாக வைத்திருந்தார். எல்லாரும் அவரைச் சயா என்போம், வாத்தியார் மாதிரி. அவர் எதையும் கற்றுக்கொடுத்ததாக ஞாபகம் இல்லை.

குளிர்கால ஒலிம்பிக் தொடர் அவருடைய யோசனைதான். காரணம் கேட்டபோது என்னை ஏதோ பச்சைப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"டேய், உள்ளூர்ப் பந்தாட்டத்த எழுதினா எந்த டீமுக்குப் பின்னால எந்தப் பெரியவரு நிக்கிறாருன்னு பாக்கணும். தோத்தான்னு எழுத முடியாது, கஷ்டப்பட்டு விளையாடினான்னு எழுதணும். பனிமலையில இங்க யாருக்கும் மச்சான் கிடையாது. தைரியமா எழுது."

எழுதினேன். பன்சோடான் தெரு நடைபாதையில் பழைய கலைக்களஞ்சியம் ஒன்று கிடைத்தது, சில தொகுதிகள் இல்லாமல். கப்பலில் போய்வருகிறவர்கள் போடும் வெளிநாட்டு சஞ்சிகைகளும் அங்கேயே கிடைக்கும். அவற்றை வைத்து வாரம் ஓர் அத்தியாயம். அன்றே எனக்கு அந்தப் போட்டி மீது மரியாதை வரவில்லை, இன்றும் இல்லை. பிரெஞ்சு மலையூர் ஒன்றில் 1924இல் தொடங்கியதாம். குளிர் நாட்டுக்காரர்கள் குளிர் நாட்டுக்காரர்களை ஜெயித்து, குளிர் நாட்டுக்காரர்களுக்கே மெடல் மாட்டிக்கொண்டு, அதற்கு உலகப் போட்டி என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். நானோ பனியைப் பார்த்தது ஃப்ரிட்ஜின் மேல்தட்டில்தான், அதுவும் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் இல்லை. ஆனாலும் "வழுக்கும் பனியில் வீரர்கள் உணரும் பரவசம்" என்று பக்கம் பக்கமாக எழுதினேன். நினைத்தால் இப்போது காது சுடுகிறது.

எழுத்தால் வம்பு வரவில்லை. படத்தால் வந்தது. அந்த நாளில் எந்தப் பத்திரிகையும் அச்சுக்குப் போகுமுன் ஒரு அலுவலகத்தில் பக்கங்களைக் காட்டி முத்திரை வாங்க வேண்டும். நாங்கள் அதை மேலிடம் என்போம். முத்திரை இல்லையென்றால் அந்த வாரம் பத்திரிகை இல்லை. அடிக்கடி அப்படியானால் பத்திரிகையே இல்லை. சறுக்கு நடனக்காரி ஒருத்தியின் படத்தைப் பார்த்துவிட்டு மேலிடம் சொல்லியனுப்பியது: முழங்கால் தெரிகிறது, நம் பண்பாட்டுக்கு ஒத்துவராது. மழைத்தண்ணீரில் தமெய்னை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு நடக்காத பெண்ணே இல்லாத ஊரில் இருந்துகொண்டு, எங்கேயோ பனிக்குள் நிற்கிறவளுடைய காலைப் பற்றிக் கவலைப்பட்டார்கள்.

அதற்காக வந்தவள்தான் மா மியா. இங்கே மா என்றால் அக்கா. அப்பா பர்மியர், அம்மா தமிழ், வீடு தின்கன்ஜூனில். சினிமாத் தட்டிகள் வரைந்து பழகிய கை. தமிழில் தொடங்குவாள், பாதியில் வார்த்தை தீர்ந்துபோய் மிச்சத்தைப் பர்மியில் முடிப்பாள். அவள் வேலை, சஞ்சிகையிலிருந்து வெட்டிய படத்தின்மேல் போஸ்டர் கலரில் தமெய்ன் வரைவது. அச்சில் எல்லாம் கறுப்பு வெள்ளைதான். அவளோ கலரில்தான் வரைவாள், கரையோடு, மடிப்போடு.

வரைவதற்கு முன் ஒவ்வொரு படத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பாள். எனக்கு அது விநோதமாக இருக்கும்.

"அமேலே, இங்க பாரு மாங்," என்பாள். அமேலே என்றால் அம்மாடி, மாங் என்றால் தம்பி. "இந்தப் பொண்ணு முழங்கால்ல நீலமா இருக்கு பாத்தியா? எத்தன தடவ விழுந்திருப்பா! மெடலு கழுத்துல இல்ல, இங்கதான் இருக்கு. இதப் போயி மூடச் சொல்றாங்களே."

அவளுக்கு அது வெறும் எரிச்சல் இல்லை. விழுந்து விழுந்து எழுந்த ஒருத்தியின் உழைப்பைத் தன் கையாலேயே அழிக்கிறோம் என்று உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது அது முழுசாகப் புரியவில்லை. முழங்காலைப் பற்றி இவ்வளவு பேசுகிறாளே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

வரலாற்றை முதலிலிருந்து எழுதியதில் ஒரு வேடிக்கை நடந்தது. பழைய காலத்துச் சறுக்குக்காரிகள் நீளப் பாவாடையில் வந்தார்கள். அந்த அத்தியாயங்களில் மா மியாவுக்கு வேலையே இல்லை. வருஷம் ஏற ஏற உலகத்தில் பாவாடை ஏறியது, எங்கள் பத்திரிகையில் இறங்கியது. எண்பதுகளுக்கு வந்தபோது எங்கள் வீராங்கனைகள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி நின்றார்கள்.

ஒருமுறை மேலிடத்து அதிகாரியின் வேர்த்த விரல் பட்டு ஒரு தமெய்ன் கரைந்து தொடை தெரிந்துவிட்டது. சயா நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார். மறுநாளே ஒரு டின் எனாமல் பெயின்ட் வாங்கி வந்து மா மியாவின் மேஜையில் வைத்தார்.

"இனிமே இதப் போடு. ஆயுசுக்கும் போகாது."

"சரி சயா," என்று அவள் டின்னை இழுப்பறைக்குள் வைத்தாள்.

கடைசி அத்தியாயத்தில் ஒரு கூத்து. தொண்ணூற்றிரண்டில்தான் போட்டி நடந்திருந்தது, தொண்ணூற்றுநான்கிலேயே மறுபடி நடத்தினார்கள். கோடைப் போட்டியும் குளிர்ப் போட்டியும் ஒரே வருஷத்தில் வரக்கூடாது என்று மாற்றிவிட்டார்களாம். சயா நம்பவில்லை. "ரெண்டு வருஷத்துல என்னடா ஒலிம்பிக்? அச்சுப் பிழை," என்று என் அத்தியாயத்தைத் தூக்கி எறிந்தார். ஏப்ரல் மாத வெயிலில் கப்பல்காரர் ஒருவர் கொண்டுவந்த சஞ்சிகை முழுக்கப் பனியும் மெடலுமாக இருப்பதைக் கண்ட பிறகுதான் உலகத்துக்கு அனுமதி கொடுத்தார்.

அந்த சஞ்சிகையில் ஒரு படம். விழுந்த ஒரு பெண் எழுந்திருக்கிறாள். ஒரு கை பனியில், ஒரு முழங்கால் இன்னும் தரையில், மற்றதில் அதே நீலம். மா மியா அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து சயாவிடம் போனாள்.

"சயா, தொடர் முடியுது. இந்த ஒண்ண மட்டும் இருக்கிறபடியே அனுப்புவோம். விழுந்தவ எந்திரிக்கிறா, அதுல என்ன அசிங்கம்? நான் இத்தனையும் மூடிக் குடுத்தேன்ல?"

"உனக்கென்ன, நீ வரைஞ்சிட்டுப் போயிருவ. கம்பி எண்ணுறது நானு. முழங்காலுக்கு மேல ஒலிம்பிக் கிடையாது. போ, வேலையப் பாரு."

அவள் போய் வேலையைப் பார்த்தாள். அப்படி மும்முரமாக வரைந்து நான் பார்த்ததில்லை. உறையை ஒட்டி என்னிடம் கொடுத்தாள். நான் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு மேலிடத்துக்குக் கொண்டுபோனேன்.

அதிகாரி உறையைப் பிரித்து முதல் படத்தை வெளியே எடுத்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். பனிமேட்டிலிருந்து பறவை மாதிரி காற்றில் தாவுகிற ஒரு ஆண். அவன் இடுப்பில் கட்டம்போட்ட லுங்கி. அடுத்தது சறுக்குவண்டியில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்த தடியன்கள். எல்லார் தலையிலும் ஹெல்மெட்டுக்குப் பதில் பட்டுத் தலைப்பாகை. விழுந்து எழுகிறவளுக்கும் தமெய்ன், கூடவே தோளில் சால்வை, கொண்டையில் பூச்சரம். மா மியா எல்லாரையும் கேலி செய்திருந்தாள். மேலிடத்தை, சயாவை, என் பரவசத்தை. பத்திரிகை இன்றோடு ஒழிந்தது, அவளும் ஒழிந்தாள், கையில் உறையோடு நிற்கிற நானும் ஒழிந்தேன் என்று நினைத்தேன்.

அதிகாரி இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் மூன்றாமவரைக் கூப்பிட்டார். மூவரும் படங்களைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள்.

"கௌங்டே, கௌங்டே," என்றார் பெரியவர். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். "ஆண்களுக்கும் மரியாதையாக உடுத்திவிட்டிருக்கிறார்கள். மற்ற பத்திரிகைக்காரர்களுக்கு ஏன் இந்தப் புத்தி வரவில்லை?"

முத்திரை விழுந்தது. சிரித்தார்களா என்று கேட்காதீர்கள். சிரித்திருந்தால் அவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் மதிப்பு மிஞ்சியிருக்கும்.

செய்தி கேட்டதும் சயா சந்தோஷத்தில் குதித்தார். மா மியாவுக்குத் தன் காசில் டீயும் பலகாரமும் வரவழைத்தார். இனிமேல் நீச்சல்காரன், குத்துச்சண்டைக்காரன் எல்லாருக்கும் இப்படித்தான் என்றார். அவள் பலகாரத்தைத் தொடவில்லை.

"நான் அவங்க மூஞ்சியில துப்பினேன் மாங்," என்றாள் என்னிடம், மெதுவாக. "பன்னீருன்னு சொல்லித் துடைச்சுக்கிட்டாங்க."

மழைக்காலம் தொடங்குமுன் வேலையை விட்டுவிட்டாள். மலேசியாவில் ஏதோ தொழிற்சாலைக்குப் போனதாகச் சொன்னார்கள். சொல்லிக்கொண்டு போகவில்லை. எனக்கு அதில் வருத்தம்தான், இன்றுவரை.

அந்த மழையில் எங்கள் தகரக் கூரை பிய்ந்தது. காலையில் நான் மாடியேறியபோது டிப்போ வாசலில் உமியெல்லாம் பச்சையும் சிவப்பும் நீலமுமாகக் கிடந்தது. மேலே, படங்கள் அடுக்கிய அலமாரி முழுக்கத் தண்ணீர். தமெய்ன்கள் மொத்தமும் கரைந்து மரத்தரை இடுக்கு வழியாகக் கீழே ஐஸுக்குள் இறங்கியிருந்தன. சயா தலையில் அடித்துக்கொண்டு படங்களைக் கயிறு கட்டிக் காயப்போட்டார். எழுபது வருஷத்து ஒலிம்பிக் பெண்கள் தங்கள் சொந்தக் கால்களோடு வரிசையாகத் தொங்கினார்கள். யாரோ படியேறும் சத்தம் கேட்டதும் அவர் அலறியடித்துத் தன் துண்டை எடுத்து மூடப் பார்த்தார். வந்தது ஐஸ்காரர், சாயத் தண்ணீருக்குச் சண்டை போட.

"எனாமல் அடிக்கச் சொன்னேனேடா! ஆயுசுக்கும் போகாதுன்னு சொன்னேனே!" என்று சயா என்மேல் பாய்ந்தார்.

மா மியாவின் மேஜை இழுப்பறையை இழுத்தேன். டின் அங்கேயே இருந்தது. மூடியைச் சுற்றிய காகிதம்கூடக் கிழியவில்லை. எல்லாப் படத்துக்கும் அவள் தண்ணீரில் போகிற சாயத்தைத்தான் போட்டிருக்கிறாள், வேண்டுமென்றே. கயிற்றில் கடைசியாகத் தொங்கியது விழுந்து எழுகிறவள். சால்வையும் பூச்சரமும் போயிருந்தன. முழங்காலில் அந்த நீலம் அப்படியே இருந்தது.

இப்போது அந்த மாடி இல்லை, ஐஸ் டிப்போ இல்லை, அங்கே கண்ணாடி வைத்த ஒரு செல்போன் கடை நிற்கிறது. சயா போய்விட்டார். பத்திரிகை அவருக்கு முன்பே போனது. முத்திரை குத்திய அந்த அலுவலகத்தையும் ஒருநாள் இழுத்து மூடினார்கள். யாரும் அழுததாகத் தெரியவில்லை. மா மியா எங்கே இருக்கிறாள் என்று கேட்டுப் பார்த்தேன், சொல்வதற்கு ஆள் இல்லை.

டீக்கடை டிவியில் அந்தப் பெண் குதித்து, தவறி, விழுந்தாள். கை ஊன்றி எழுந்தாள். பக்கத்து மேஜைக்காரர்கள் "அய்யோ" என்றார்கள், அவர்களுக்கு முழங்கால் தெரிந்திருக்கும். நான் எவ்வளவோ உற்றுப் பார்த்தேன். தமெய்ன்தான் தெரிந்தது, கரையோடு, மடிப்போடு. மா மியா வரைந்தவையெல்லாம் ஒரு மழையில் கரைந்துவிட்டன. மேலிடத்து ஆட்கள் என் கண்ணில் பூசிவிட்டது மட்டும் எனாமல்.