ஈசல் தின்னாத குடும்பம்

என் மருமகள் அசாம்காரி. பெங்களூரில் மகனோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவள். பதிவுத் திருமணத்துக்கான அறிவிப்பு, ஆட்சேபணைக் காலம், சாட்சிகள் எல்லாவற்றையும் நானே முறைப்படி முடித்துக்கொடுத்தேன். வருவாய்த் துறையில் ஓய்வு பெற்றவனால் அந்த மட்டுக்குத்தான் உதவ முடியும். அவளைக் குடும்பத்தில் சேர்க்கும் அதிகாரம் என் அக்காவிடம் இருந்தது. என் மனைவி போன பிறகு சடங்குகள் எல்லாம் அக்காவின் வசம்.

குலதெய்வக் கோயிலில் மருமகள் கையால் பொங்கல் வைத்து, அதைப் பங்காளிகள் வாங்கிச் சாப்பிட்டுவிட்டால் பிறகு ஒருவரும் வாய் திறக்க முடியாது. அக்கா சம்மதித்திருந்தாள். அதற்காகவே மல்லசமுத்திரம் பக்கத்துத் தோட்டத்து வீட்டில் கூடியிருந்தோம்.

முதல் நாள் சாயங்காலம் ஐப்பசி மழை விட்டதும் ஈசல் கிளம்பியது. மருமகளின் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். விளக்கடியில் ஒரு போசி நிறையத் தண்ணீர் வைத்துப் பிடித்தாள். இறகை ஊதித் தள்ளி, வெறும் சட்டியில் வறுத்து, உப்புப் போட்டு, முதல் தட்டை அக்காவிடம் நீட்டினாள். அவள் ஊரிலும் இதைத் தின்பார்களாம். இந்த ஊரில் தனக்குத் தெரிந்த ஒரு பண்டம் கிடைத்துவிட்ட சந்தோஷம் அவளுக்கு.

அக்கா தட்டைத் தொடவில்லை. மருமகள் உள்ளே போனதும், பூச்சி தின்கிறவள் கையால் பொங்கல் வைத்தால் சாமிக்கு ஆகாது என்றாள்.

“நாமளும் தின்னவங்கதானே அக்கா” என்றேன். “அரிசியோட வறுத்து நீ மடியில கட்டிக்குவ. எனக்கு ஒரு வாய் தரமாட்ட.”

“அதெல்லாம் பண்ணையத்து ஆளுங்க திங்கறது, சாமி. நம்ம ஊட்டுல யாரு தின்னா?”

சாட்சி இல்லாத மனுவைத் தள்ளுபடி செய்வது எப்படி என்று எனக்குத் தெரியும். நேரில் பார்த்த சாட்சியையே தள்ளுபடி செய்யும் வித்தையை அன்று கற்றுக்கொண்டேன். சுற்றி உட்கார்ந்திருந்த பங்காளிகளும் என் வயதுக்காரர்கள்தான். மழைக்காலத்தில் புற்றுப் புற்றாக அலைந்தவர்கள். ஒருவருக்கும் நினைவு வரவில்லை. வசதி வந்த வீடுகளில் ஞாபகம்தான் முதலில் குறைகிறது.

வறுத்ததை அக்கா வாசல் கோழிகளுக்குக் கொட்டினாள். அவை சண்டை போட்டுத் தின்றன.

மறுநாள் கோயிலில் பங்காளி வீட்டு மருமகள் ஒருத்தி பொங்கல் வைத்தாள். என் மருமகள் புதுப்புடவையோடு வேப்பமரத்தடியில் நின்றாள். காரணத்தை மகன் இங்கிலீஷில் அவளுக்குச் சொன்னான். அந்த மொழியில் அது இன்னும் கேவலமாகக் கேட்டது.

பந்தியில் அக்காவே கறி பரிமாறினாள். காலையில் வாசலில் பிடித்து அறுத்த கோழிகள். ருசியைப் புகழ்ந்தவர்களிடம், “ஊட்டுல வளந்ததுங்க. கண்டதத் திங்காது” என்றாள்.

மருமகளிடம் வந்தபோது அவள் கையை இலைமேல் விரித்து, வேண்டாம் என்றாள்.

அக்கா கரண்டியோடு பங்காளிகள் பக்கம் திரும்பினாள். “பாத்தீங்களா, நம்ம சாப்பாடு அவளுக்கு ஆகறதில்லீங்க.”