அன்று பஸ்ஸில் ஏறியது நான் மட்டும்

போன சாட்சிக் கூட்டத்தில் நான் எழும்பி, ஆண்டவர் என்னைப் பரீட்சை மண்டபத்தில் கொண்டுபோய்ச் சேர்த்த கதையைச் சொன்னேன். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். முன்வரிசையில் ஒரு அம்மா அழுதா. அந்தக் கதையில் ஒரு ஆளை நான் விட்டுவிட்டேன். போதகர் அதைச் சபைப் பத்திரிகைக்கு எழுதித் தரச் சொன்னபோது, எழுதினால் முழுவதையும்தான் எழுதுவேன் என்றேன். அவர் சரி என்றார். இனி அவர் பாடு.

நான் யாழ்ப்பாணத்தாள். ரஷ்யாவில் ஏழு வருடம் டொக்டருக்குப் படித்துவிட்டு வந்து இறங்கியபோது யுத்தத்தால் ஊருக்குப் போகப் பாதை இல்லை. கொழும்பில், வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து லேன் ஒன்றில் அறை எடுத்தேன். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே வேலை செய்வதென்றால் அனுமதிப் பரீட்சை ஒன்று எழுதவேண்டும். இரண்டு தரம் எழுதினேன். இரண்டு தரமும் கோட்டை விட்டேன்.

படித்ததெல்லாம் ரஷ்ய மொழியில். நோயாளிக்கு என்ன வருத்தம் என்று தெரியும், பெயர் ரஷ்ய மொழியில் வாயில் வந்து நிற்கும், ஆங்கிலத்தில் வராது. அதோடு அந்தப் பரீட்சையில் பிழையான விடைக்கு மார்க் வெட்டுவார்கள். நான் தெரியாததையும் துணிந்து குறித்து, தெரிந்ததில் எடுத்ததையும் இழந்துகொண்டு வருவேன். மூன்றாம் தரமும் போனால் லண்டனுக்கு வந்து தன் பேரப்பிள்ளையைப் பார்க்கலாம் என்று மாமி எழுதியிருந்தா. டொக்டருக்கு ஆயா வேலை. அந்தக் கடிதத்தைக் கிழித்துப்போட்டு அழுதேன். ஜெபிக்கக்கூட வாய் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் வத்சலா வந்தாள். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. ரஷ்யாவில் எனக்கு ஒரு வருடம் பின்னால் படித்தவள். கொட்டாஞ்சேனையில் அண்ணன் வீட்டில் இருந்தாள். அவளும் ஒருதரம் எழுதித் தவறியவள். உண்மையைச் சொல்கிறேன், வேறு ஆள் கிடைத்திருந்தால் நான் அவளோடு சேர்ந்திருக்க மாட்டேன். தோட்டத்துப் பிள்ளையிடம் நான் என்ன படிக்கிறது என்ற கொழுப்பு எனக்கு இருந்தது.

திட்டம் அவளுடையது. பாடங்களை இரண்டாகப் பிரித்தோம். மெடிசினும் குழந்தை வைத்தியமும் எனக்கு. சேர்ஜரியும் பிரசவமும் அவளுக்கு. சனிக்கிழமை தோறும் ஒருத்தி மற்றவளுக்குப் படிப்பிக்கவேண்டும், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஆங்கிலத்தில், வாயால். இடையில் தடக்கினால் அந்தப் பாடத்தை அடுத்த சனிக்கிழமை திரும்பவும் முதலிலிருந்து சொல்லவேண்டும். பழைய கேள்விகளைச் செய்யும்போது நிச்சயமாகத் தெரியாததைத் தொடக்கூடாது. நான் பென்சிலைக் கொண்டுபோனால் கையைப் பிடித்து எடுத்துவிடுவாள். ஐந்து மாதம் அப்படிப் படித்தோம். சேர்ஜரி என்றால் ஓடுகிற எனக்கு, அவள் வயிற்று வலியை வலது பக்கம், இடது பக்கம் என்று பிரித்துச் சொல்லச் சொல்ல மண்டையில் ஏறியது.

பரீட்சைக்கு முதல்நாள் மத்தியானம் அவளை என் அறைக்கு வரச் சொன்னேன். சேர்ஜரியைக் கடைசியாக ஒருதரம் கேட்க ஆசை. அப்போது கொழும்பில் தமிழர்கள் தங்கும் விலாசத்தைப் பொலிஸில் பதியவேண்டும், அவளுடைய பதிவு கொட்டாஞ்சேனை விலாசத்தில். வெள்ளவத்தையில் ஒரு இரவு தங்குவதென்றாலும் பொலிஸில் போய்ப் பதியவேண்டும். அவள் நினைவுபடுத்தினாள். ஒரு நாள்தானே என்று நான்தான் தட்டிவிட்டேன். எங்கள் இரண்டு பேருடைய பரீட்சை அனுமதி அட்டைகளையும் கசங்காமல் என் ஃபைலில் வைத்தேன்.

காலையில் முழங்காலில் நின்று சத்தமாக ஜெபித்தேன். “ஆண்டவரே, இண்டைக்கு என்னை ஒண்டும் தடுக்கக்கூடாது. நான் அந்தப் பரீட்சைக் கதிரையில போய் இருக்கவேணும்.” இவ்வளவுதான் கேட்டேன். நெற்றியில் திருநீற்றோடு பக்கத்தில் நின்ற வத்சலா மரியாதைக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னாள்.

காலி வீதிச் செக்பொயின்ற்றில் பொலிஸ்காரர் எல்லோரையும் பஸ்ஸால் இறக்கினார்கள். வத்சலாவின் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். என்னுடையது யாழ்ப்பாணத்து அட்டை. சிங்களத்தில் கேட்ட கேள்விகள் எனக்கு விளங்கவில்லை. பஸ்ஸில் ஏறப்போனவள் திரும்பி வந்து எனக்காகச் சிங்களத்தில் கதைத்தாள். இவ டொக்டர், இன்றைக்குப் பரீட்சை என்றாள். நான் என் பரீட்சை அனுமதி அட்டையை எடுத்துக் காட்டினேன். அவர்களில் பெரியவன் அதைப் பார்த்துவிட்டு என்னைப் போகச் சொன்னான். பிறகு அவள் பக்கம் திரும்பி, நீ ஏன் இவ்வளவு கதைக்கிறாய், இரவு எங்கே தங்கினாய் என்று கேட்டான். அவள் பொய் சொல்லவில்லை. பதிவு எங்கே என்றான்.

நான் பஸ் படியில் ஒரு காலை வைத்திருந்தேன்.

“அக்கா, ஃபைலு! என் கார்டு அதுல இருக்கு.”

கேட்டது. நன்றாகவே கேட்டது. திரும்பிப் போனால் என்னையும் மறித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். கொண்டக்டர் ஏறச் சொல்லிக் கத்தினான். ஏறிவிட்டேன். பஸ் போனது. ஆண்டவர் வழி திறந்தார் என்று நான் உங்களுக்குச் சொன்னது இதைத்தான்.

கதிரையில் போய் இருந்தேன். வத்சலாவின் இலக்கம் ஒட்டிய கதிரை எனக்கு இரண்டு வரிசை முன்னால் வெறுமையாகக் கிடந்தது. அவளுடைய அட்டை என் மடியில். சேர்ஜரிக் கேள்விகளுக்கு அவள் சொல்லித்தந்தபடியே ஒன்றொன்றாக விடை வந்தது. தெரியாததைத் தொடவில்லை. பாஸ் பண்ணினேன். நான் படித்த மெடிசினைவிட அவள் படிப்பித்த சேர்ஜரியில்தான் மார்க் கூட.

பரீட்சை அன்று பின்னேரமே அவளுடைய அண்ணன் தேடிக்கொண்டு வந்தார். செக்பொயின்ற்றில் பிடித்துவிட்டார்கள் என்று சொல்லி அட்டையைக் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது எப்படி உங்களிடம் என்று அவர் கேட்கவில்லை. அதைக் கொண்டு பொலிஸுக்கு அலைந்து பதினோராம் நாள் அவளை வெளியே எடுத்தார். செக்பொயின்ற்றில் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கவேண்டிய காரியம். அவளை ஹட்டனுக்கு அனுப்பிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை. பயம். வெட்கம். வேலை கிடைத்த பிறகும் சாப்பிட்ட சோறு ஒருநாளும் ருசிக்கவில்லை.

மாதக்கணக்கில் ஒரே ஜெபம்தான். அவளை ஒருக்கா என் முன்னால் கொண்டுவாரும். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்க எனக்கு முகமும் இல்லை.

ஒரு சனிக்கிழமை பத்து மணிக்குக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றாள். மெலிந்திருந்தாள். நான் அழத் தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அழுகைய பாக்க வரல டொக்டர். மெடிசின் எல்லாம் மறந்துபோச்சு. அந்தப் பாதி உங்க பொறுப்பு. மறுபடி சொல்லிக் குடுங்க.”

நான்கு மாதம், ஒரு சனிக்கிழமை தவறாமல் வந்தாள். புத்தகத்தை மூடி வைத்து நான் படிப்பித்தேன். தடக்கினால் திரும்பச் சொல்ல வைத்தாள். என் வீட்டுத் தேத்தண்ணி குடிக்கவில்லை, தன் போத்தலில் தண்ணீர் கொண்டுவந்தாள். உள்ளே இருந்த பதினோரு நாளைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பரீட்சை எழுதினாள். பாஸ்.

இப்போது எங்கள் பகுதியில் யாரையாவது பிடித்தால், டியூட்டி இல்லாத நாளில் அந்த வீட்டாரோடு நானும் பொலிஸுக்குப் போகிறேன். சிங்களம் படித்துவிட்டேன். இன்னும் பயம்தான். என்றாலும் கதைக்கிறேன். இது ஆண்டவர் எனக்குச் செய்த நன்மை என்று உண்மையாகவே நம்புகிறேன், அவருக்கு நன்றி சொல்கிறேன்.

பரீட்சை முடிவு தெரிந்த கிழமை வத்சலா என்னுடைய புத்தகத்தைத் திருப்பித்தர வந்தாள். வாசலிலேயே நின்றாள். என்னை மன்னிச்சிட்டீரா என்று கேட்டேன்.

“என்ன கேட்டு ஜெபம் பண்ணினீங்க?” என்றாள்.

“உம்மை ஒருக்கா என்ர முன்னால கொண்டுவரச் சொல்லி.”

“வந்துட்டேன் தானே,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

சகோதர சகோதரிகளே, நீங்களும் அவரை நம்பிக் கேளுங்கள். அவர் காது கேளாதவர் அல்ல. ஆனால் வாயைத் திறக்கும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஒருதரம் பார்த்துவிட்டுக் கேளுங்கள். நான் கேட்டதெல்லாம் எனக்குக் கிடைத்தது.